உலூருவில் நான் விட்டுவிட்ட வசனம்

என்னிடம் முப்பத்தொரு குறிப்பேடுகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே அளவு, முதுகில் வெள்ளைச் சீட்டு ஒட்டி ஆண்டும் மாதமும் எழுதியவை. எத்தனை மணிக்கு எழுந்தோம், பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது, யாருக்குக் காலில் கொப்புளம், அன்று சூரியன் எப்போது உதித்தது என்பது வரை அவற்றில் இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் என் படுக்கையறை அலமாரியின் மேல்தட்டில் கிடந்தன. இந்த ஆண்டு மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு, அவற்றைக் கேட்டுத் தாரணி தொலைபேசியில் அழைத்தாள்.

நான் வழிகாட்டியாக வேலை செய்த பயண நிறுவனத்தில் தாரணி இப்போது சுற்றுலாக்களைத் திட்டமிடுகிறாள். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய தகப்பன் என்னை அண்ணை என்பார். வீட்டில் கேட்ட பழக்கத்தில் அவளும் அண்ணை என்பாள்.

“அண்ணை, வீட்டிலயோ நிக்கிறியள்? இல்லாட்டி எங்கயும் பஸ் வாசலில நிண்டு ஆக்களை எண்ணிக்கொண்டு நிக்கிறியளோ?”

“எண்ணுறதுக்கு ஒருத்தரும் இல்லை. சொல்லு பிள்ளை.”

“இனி ஆஸ்திரேலியாவுக்குப் போற உலூரு குழுவோட ஜேர்மன் கதைக்கிற ஆள் போறேல்லை. எல்லாற்ற ஃபோனிலயும் ஒரு செயலி. அங்கத்தை ஆள் கதைக்கக் கதைக்க காதுக்குள்ள ஜேர்மனில கேக்கும். ஆனா அது வறட்சியா இருக்கும் எண்டு மனேஜர் பயப்பிடுறார். பயணிகள் நிரப்பின பழைய படிவங்களைப் பாத்தனாங்கள், எல்லாரும் நீங்கள் சொன்ன கதையளைத்தான் புகழ்ந்திருக்கினம். அதுகளையும் உள்ளுக்குப் போட்டால் நல்லது எண்டுறார். உங்கட குறிப்பேடுகளைத் தாறியளோ?”

“ஏலாது.”

“ஏன்? காதல் கடிதம் ஏதும் செருகி வைச்சிருக்கிறியளோ?”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு கதைக்கிறேன் என்று வைத்துவிட்டேன். ஏன் ஏலாது என்பதை அவளிடம் சொல்ல எனக்குப் பதினாறு நாட்கள் பிடித்தன. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நம்மவர்களில் பலர் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் மற்றவர்களுக்காக மொழிபெயர்க்கப் போகிறவர்கள். அவர்களும் வாசிக்கட்டும்.

தேதி போடாமல் நான் எதையும் எழுதியதில்லை. இந்த ஒன்றில் போடவில்லை. தேதி இருந்தால் நான் எந்தப் பெண்மணியைப் பற்றிச் சொல்கிறேன் என்று எவரும் கண்டுபிடித்துவிடலாம். அவர் இப்போது இல்லை. இறந்தவரின் பெயரைச் சொல்வது அவருடைய மக்களிடம் வழக்கமில்லை. அதனால் பெயரும் இல்லை.

எண்பதுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தேன். முகாம், பிறகு ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை, மாலை வகுப்பில் ஜேர்மன், முப்பத்தொரு வயதில் ஒரு பயண முகவர் நிலையத்தில் தொழில் பயிற்சி. வகுப்பில் ஆசிரியரைவிட நான் ஒரு வயது மூத்தவன். அந்த ஆண்டுகளைப் பற்றி இவ்வளவு போதும். ஆனால் வந்த முதல் ஆண்டில் நடந்த அகதி விசாரணையை மட்டும் சொல்ல வேண்டும்.

விசாரணை அறையில் ஒரு அதிகாரி, தட்டச்சு செய்யும் ஒரு பெண், மொழிபெயர்க்க நம்மவர் ஒருவர். நல்ல மனிதர். “தம்பி, பயப்பிடாதேங்கோ, நான் வடிவாச் சொல்லிவிடுறன்” என்று தோளில் தட்டினார். அதிகாரி என் மூத்த சகோதரனுக்கு என்ன நடந்தது என்று கேட்டார். நான் பேசவில்லை. சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சற்றுப் பொறுத்து அந்த நல்ல மனிதர் தாமாகவே ஜேர்மனில் பேசத் தொடங்கினார். தட்டச்சுப் பெண் அடித்துக்கொண்டே போனாள். ஐந்து ஆண்டுகள் கழித்து, மொழி வந்த பிறகு, என் விசாரணைப் பதிவை எடுத்து வாசித்தேன். என் வாயிலிருந்து வராத நான்கு வசனங்கள் அதில் இருந்தன. “விண்ணப்பதாரர் கூறுகிறார்” என்று தொடங்கி, என் சகோதரனின் முடிவு அங்கே விபரமாக எழுதப்பட்டிருந்தது. அது அப்படி நடக்கவில்லை. எப்படி நடந்தது என்பதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் எனக்கு வதிவிட உரிமை கிடைத்திருந்தது. கோபம் வந்ததாக நினைவில்லை. மௌனத்தை இங்கே யாரும் பதிவு செய்ய மாட்டார்கள், அதை நிரப்பிக் கொடுப்பதுதான் உதவி என்று அன்று புரிந்துகொண்டேன். பாடத்தைத் தலைகீழாகப் படித்தவன் நான்.

உலூரு என்பது மத்திய ஆஸ்திரேலியாவின் செம்மணல் பாலைவனத்தில் தன்னந்தனியாக நிற்கும் பெரும்பாறை. அங்குள்ள ஆதிக்குடி மக்களுக்கு அது புனிதமானது. எங்கள் நிறுவனம் முதுகுப்பையோடு மலிவாக ஊர் சுற்றும் ஜேர்மன் இளைஞர்களை அங்கே கூட்டிச் செல்லும். பெரும்பாலும் மாணவர்கள். அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரிலிருந்து ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணம். கூடாரம் கிடையாது, வெறும் தரையில் கான்வாஸ் பைக்குள் படுக்க வேண்டும். சமையலும் பாத்திரம் கழுவுவதும் முறை வைத்து. ஈத்தொல்லைக்கு முகத்தில் வலை. அந்தக் காலத்தில் பாறையில் ஏறுவது இன்னும் தடைசெய்யப்படவில்லை. ஆனால் அந்த மக்கள் ஏற வேண்டாம் என்று கேட்டிருந்தார்கள். எங்கள் குழு ஏறாது. முதல் நாள் இரவுச் சாப்பாட்டில் எழுந்து நின்று, “அது அவர்களுடைய வீடு, அவர்கள் சொல்வதை மதிப்போம்” என்று நான் ஒரு சிறு உரை ஆற்றுவேன். கைதட்டுவார்கள்.

காலை எட்டேகாலுக்கு அந்தப் பெண்மணி வருவார். அறுபது வயதிருக்கும். கையில் வளைந்த வேலிக் கம்பி ஒன்று. எங்களிடம் பேசுமுன் பாறையைப் பார்த்துத் தம் மொழியில் மெதுவாக ஏதோ சொல்வார். பிறகு தரையில் உட்கார்ந்து, மணலை உள்ளங்கையால் சமப்படுத்தி, கம்பியால் கோடு போட்டுப் போட்டுக் கதை சொல்வார். ஒரு கட்டம் முடிந்ததும் மணலை அழித்துவிடுவார். அவருடைய ஆங்கிலம் மெதுவானது, குறைவானது; அந்த உச்சரிப்பு பிள்ளைகளுக்குப் பிடிபடாது, என் வாயைத்தான் பார்ப்பார்கள். இரண்டு வசனம் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் ஜேர்மனில் சொல்லி முடிக்கும்வரை கம்பியை அசைக்கமாட்டார்.

அடிவாரப் பாதையில் ஒரு திருப்பம் உண்டு. அங்கே வந்ததும் புகைப்படக் கருவிகளை உள்ளே வைக்கச் சொல்வார். பாறையின் அந்தப் பக்கத்தைக் கையால் காட்டாமல், தலையால் மட்டும் காட்டி, “இதுவரைதான். மிச்சம் எங்களுடையது” என்பார். பிறகு நடந்துவிடுவார்.

முதல் பருவத்தில் அந்த வசனத்தை அப்படியே மொழிபெயர்த்தேன்.

என் மேலாளர் ஹெர் பிராண்டல் உட்கார்ந்து வேலை செய்யமாட்டார். ஜன்னலோரத்து உயரமான மேசையில் நின்றபடி, பயணிகள் நிரப்பிய மதிப்பீட்டுப் படிவங்களை அடிமட்டக் கோல் வைத்து வரி வரியாக வாசிப்பார். பச்சைப் பென்சில். கண்டிக்க வேண்டியிருந்தால் முதலில் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து மிட்டாய் நீட்டுவார். அதை வாயில் போட்டுக்கொண்டால் பதில் பேச முடியாது. அவர் அதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. படிவத்தின் கடைசிக் கேள்வி, உள்ளூர் வழிகாட்டியிடமிருந்து போதிய தகவல் கிடைத்ததா என்பது. ஜேர்மன் பள்ளிக்கூட வழக்கப்படி ஒன்று மிக நன்று, ஆறு மிக மோசம். எங்களுக்கு நான்கு நான்காக வந்திருந்தது.

“இவ்வளவு தூரம் வந்தவர்களிடம் ‘மிச்சம் எங்களுடையது’ என்கிறார்” என்றார். “அதை நீங்களும் மொழிபெயர்க்கிறீர்கள்.”

மிட்டாய் வாயில் இருந்தது.

“நீங்கள் வாசிக்கிற மனிதர். ஏதாவது செய்யுங்கள்.”

செய்தேன். பான் நகரத்து நூலகம் ஒன்றில் ஒரு பழைய பயண நூல் கிடைத்தது. ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் பாலைவனத்தில் திரிந்த ஒரு ஜேர்மானியர் எழுதியது. பழைய எழுத்தில் அச்சிட்டது, வாசிக்கக் கண் வலிக்கும். அந்தத் திருப்பத்தில் உள்ள இடத்தின் கதை அதில் பதினொரு பக்கம் இருந்தது. அவருக்கு அதை யார் சொன்னார்கள், எப்படிச் சொல்ல வைத்தார் என்று நூலில் இல்லை. நானும் யோசிக்கவில்லை. மூன்று சனிக்கிழமைகள் போய் முழுவதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். அந்தக் கதையை இங்கே நீங்கள் எதிர்பார்க்க வேண்டாம்.

அடுத்த பருவம் அந்தத் திருப்பத்தில் அவர் சொன்னார்: “இதுவரைதான். மிச்சம் எங்களுடையது.” நான் குழுவின் பக்கம் திரும்பி, “அவர் சொல்கிறார்” என்று தொடங்கினேன். மூன்று நிமிடம் பேசினேன். அவர் நகராமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பொறுமையாக நின்றார். பிள்ளைகள் அந்தப் பாறையை வேறு கண்ணோடு பார்த்தார்கள். ஒரு பையன் கண்ணைத் துடைத்தான்.

அந்தப் பருவத்தின் முடிவில் ஒரு நாள், நான் பேசி முடித்ததும் அவர் சிரித்துக்கொண்டே குழுவிடம் சொன்னார்: “இவருடைய பாஷை நீளமான பாஷை. நான் இத்தனை சொன்னால் இவர் அத்தனை சொல்கிறார்.” விரல்களால் அளந்தும் காட்டினார். அதை நான் பிழையில்லாமல் மொழிபெயர்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தவன் நான்.

படிவங்களில் ஒன்றுகள் வந்தன. ஹெர் பிராண்டல் பச்சைப் பென்சிலால் என் பெயருக்குக் கீழே கோடு போட்டார். இப்படி ஆறு பருவங்கள்.

ஆறாவது பருவத்தில் ஸ்வென்யா வந்தாள். மியூனிக் பக்கத்தில் கார்ஹிங்கில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தவள். என்னைப் போலவே எல்லாவற்றையும் எழுதுகிறவள். அன்று பேருந்தில் பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தாள்.

“அவர் சொன்னதில் நடுவில் சில வசனங்கள் விட்டுப் போய்விட்டன. நினைவிருக்கிறதா?”

நினைவிருந்தது. சொல்லச் சொல்ல எழுதினாள். இரண்டு இடங்களில் அவளுடைய எழுத்துப் பிழையையும் திருத்தினேன்.

ஊருக்குத் திரும்பியபின் அவள் தன் படங்களைத் தொகுத்து ஒரு அழகான புத்தகம் செய்வித்தாள். கதையைத் தானே ஆங்கிலத்தில் எழுதி, படங்களுக்கு நடுவே அச்சிட்டு, நன்றிக் கடிதத்தோடு அந்தப் பெண்மணிக்கு அனுப்பினாள். அது வெறும் அன்பு. வேறொன்றும் இல்லை.

ஏழு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அவருடைய தங்கையின் மகள். ஒரு பக்கம்கூட இல்லை. அந்தப் புத்தகத்தில் உள்ள கதை பெண்களுக்கும் வெளியாருக்கும் சொல்லக்கூடாதது. பெரியம்மா அதைச் சொன்னதாக அச்சிட்டிருக்கிறது. தான் சொல்லவில்லை என்கிறார், தனக்கே அது தெரியாது என்கிறார். இங்கே ஒருவரும் நம்பவில்லை. அவரோடு உட்கார்ந்து யாரும் வேலை செய்வதில்லை. உங்கள் ஆள் பக்கத்தில் நின்றார். அவர் காதில் என்ன விழுந்தது என்பதை அவரே எழுதி அனுப்பவும். இவ்வளவுதான்.

ஹெர் பிராண்டல் என்னை அழைத்தார். தகரப் பெட்டி திறந்தது.

“நீங்கள் எழுத வேண்டாம். நிறுவனம் எழுதும்.”

அன்று மட்டும் மிட்டாயைக் கையிலேயே வைத்துக்கொண்டேன். பேசலாம் என்றுதான். பேசவில்லை. “மொழிமாற்றத்தின்போது நேர்ந்திருக்கக்கூடிய தவறான புரிதலுக்கு வருந்துகிறோம்” என்று நான்கு வரிக் கடிதம் தயாரானது. அனுப்புமுன் வாசித்துப் பார்க்கத் தந்தார். வாசித்தேன். ஒரு காற்புள்ளியைத் திருத்திக் கொடுத்தேன்.

அதே வாரம் ஸ்வென்யா தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்கும் கடிதம் போயிருந்தது.

“நான் பிழையாகக் கேட்டுவிட்டேனா? அவர் சொல்லாததை எழுதிவிட்டேனா?”

“இருக்கலாம்” என்றேன்.

அவள் அழுததைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேருந்தில் பக்கத்தில் இருந்து எழுதியவள், ‘நீங்கள் சொல்லித்தான் எழுதினேன்’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது அவளுக்கு நினைவில்லையா, அல்லது நினைவிருந்தும் என்னை நம்பினாளா, தெரியாது. உரையாடல் ஒன்பது நிமிடம். குறிப்பேட்டில் இருக்கிறது.

அடுத்த ஆண்டு போனபோது எட்டேகாலுக்கு அவருக்குப் பதில் ஒரு இளைஞர் வந்தார். நல்லவர். நான் அந்தத் திருப்பத்தில் ஒன்றும் சேர்க்கவில்லை. அவர் ஏதோ சொன்னார், நான் “நடப்போம்” என்றேன்.

மாலை நான்கு மணிக்குக் கலாசார மையத்தின் வெளியே அந்தப் பெண்மணியைக் கண்டேன். மரநிழலில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்த நிழலின் ஓரத்தில், வட்டத்துக்கு வெளியே, தனியாக இருந்தார். கம்பி மடியில் கிடந்தது. முன்னால் இருந்த மணலில் ஒரு கோடும் இல்லை. என்னைக் கண்டதும் கையைக் காட்டி அழைத்தார். போய் முன்னால் குந்தினேன்.

“நீ என்ன சொன்னாய்?” என்றார்.

நான் மண்ணைப் பார்த்தேன். பிறகு சொன்னேன், ஒரு பழைய புத்தகத்தில் வாசித்ததைச் சொன்னேன் என்று. அவருக்கு மட்டும் கேட்கிற குரலில்.

அவர் கம்பியை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். கோபமாகப் பார்க்கவில்லை.

“நான் நிறுத்தின இடத்தில் நீயும் நிறுத்தினாய் என்று நினைத்தேன்” என்றார். “உன் பாஷை நீளம் என்றுதான் நினைத்தேன்.”

பிறகு தலையால் அந்த வட்டத்தைக் காட்டினார். “அவர்களிடம் வந்து சொல். இப்போது சொன்னதைச் சொல். நான் பக்கத்தில் நிற்கிறேன்.”

இருபது அடி தூரம். ஏழெட்டுப் பெண்கள். இரண்டு வசனம். பின்னால் பேருந்துக்காரர் ஹார்ன் அடித்தார். சூரியன் மறைவதைப் பார்க்கும் இடத்துக்கு ஐந்தரைக்குள் போய்ச் சேர வேண்டும், இடம் நிரம்பிவிடும். இருபத்துமூன்று பேர் ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

“நாளைக் காலை வருகிறேன்” என்றேன்.

அவர் தலையாட்டினார். நம்பித்தான் ஆட்டினார். மறுநாள் விடியற்காலை நாலரைக்கு எங்கள் பேருந்து கிளம்புகிறது என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த அட்டவணையைத் தட்டச்சு செய்தவனே நான்தான்.

அடுத்த ஆண்டு போனபோது அந்த இளைஞர் தானாகவே சொன்னார், மழைக்காலத்தில் அந்தப் பெண்மணி காலமாகிவிட்டார் என்று. பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பருவத்தோடு உலூரு பயணத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, மொரோக்கோ குழுவைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஓய்வு பெறும் நாள்வரை பாராட்டுதான். பிரிவு விழாவில் ஹெர் பிராண்டல் சக்கர நாற்காலியில் வந்திருந்து, பாலைவனத்தைப் பேச வைத்த மனிதர் என்று என்னைப் புகழ்ந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் குனிந்து வணங்கினேன்.

இதையெல்லாம் ஏப்ரல் மாதம் ஒரு புதன்கிழமை, அலுவலகத்துக்குப் பக்கத்துப் பேக்கரியில் வைத்துத் தாரணியிடம் சொன்னேன். அவள் கோப்பி ஆறிப்போனது.

“ஸ்வென்யாட்டயும் சொல்லேல்லையோ?”

“இல்லை.”

“அண்ணை, நான் உங்களைப் பற்றி அப்பாட்ட எவ்வளவு பெருமையாக் கதைச்சனான் தெரியுமே?” சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தாள். “சரி. நான் ஜூன் மாதம் செயலியைப் பரிசோதிக்க அங்க போறன். நீங்கள் எழுதித் தாங்கோ. அவையிட்ட நான் குடுக்கிறன். ஆனா இந்த நிறுவனக் கடிதம் மாதிரி எழுதினா நான் கொண்டு போகமாட்டன்.”

இரண்டு கடிதம் எழுதினேன். ஸ்வென்யாவுக்கு எழுதியது முகவரி மாறித் திரும்பி வந்தது. வேறு வழியில் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தங்கை மகளுக்கு எழுதியது ஆறு வசனம்: உங்கள் பெரியம்மா சொல்லவில்லை. நான்தான் சொன்னேன். ஒரு பழைய புத்தகத்தில் எடுத்தேன். அவர் சொன்னதாகச் சொன்னேன். அவர் என்னை உங்களிடம் வந்து சொல்லக் கேட்டார். வருவதாகப் பொய் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்டு ஏழாவதாக ஒரு வசனம் எழுதி, பிறகு அதை அடித்துவிட்டேன். கேட்கும் இடத்தில் நான் இல்லை. நூலகத்தில் எழுதிய பதினொரு பக்கங்களையும் குறிப்பேட்டிலிருந்து கிழித்து, இது அந்தக் கதை என்று மேல்தாளில் எழுதி அந்த உறையிலேயே வைத்தேன். அவர்கள் விரும்பியதைச் செய்யட்டும்.

ஜூன் கடைசியில் தாரணி திரும்பி வந்தாள். ஞாயிறு மாலை நாலரைக்கு அழைத்தாள்.

“குடுத்தியோ?”

“ஓம். அந்த மனுசிக்கு இப்ப ஐம்பது வயதிருக்கும். நிண்டபடியே வாசிச்சா. பிறகு மரத்துக்குக் கீழ இருந்த மற்றப் பொம்பிளையளிட்டக் கொண்டுபோய்த் தங்கட பாஷையில வாசிச்சா. மற்றத் தாளுகளை வாசிக்கேல்லை, மடிச்சுப் பைக்குள்ள வைச்சிட்டா.”

“என்ன சொன்னவை?”

“ஒண்டும் சொல்லேல்லை. ஒரு கிழவி அழுதா. பிறகு அந்த மனுசி என்னைப் பாத்து, ‘இந்த ஆள் இன்னும் உயிரோடயோ?’ எண்டு கேட்டா. ஓம் எண்டனான். அவ்வளவுதான்.”

வேறு எதைக் கேட்பதென்று தெரியாமல், செயலி எப்படி என்று கேட்டேன்.

“நல்லா வேலை செய்யுது. அந்தத் திருப்பத்தில இப்ப இருக்கிற ஆளும் அதே வசனத்தைத்தான் சொல்லுறார் அண்ணை. ‘இதுவரைதான், மிச்சம் எங்களுடையது.’ எல்லாற்ற காதிலயும் ஜேர்மனில கேட்டது. ஒருத்தரும் முணுமுணுக்கேல்லை. கமெராவை வைச்சிட்டு நடந்ததுகள்.”

“ஜேர்மனில எவ்வளவு நீளம் இருந்தது?”

நான் ஏன் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

“அவர் சொன்ன அளவுதான் அண்ணை.”